உறவு என்ற கட்டத்தில்

கலிஹி, ஹொனலுலு
1997 மார்ச் 9, ஞாயிறு

அன்புத் தங்கை லானுவோலாவுக்கு அக்கா ஃபுவாட்டினோ எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் இங்கே மூன்று பேரும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். உன் அத்தான் யாக்கோபோவுக்குத் துறைமுகத்தில் பிடித்த முதுகுவலி மட்டும் விடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பன்றிக்கறி இறக்கியதும் அந்த வலி எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது. நீ, உன் புருஷன் செமிசி, பையன்கள் இரண்டு பேரும் எப்படி? முன்பு இருந்த ஜெர்மனிக் குளிருக்கு டக்கோமாக் குளிர் தேவலையா? பட்டாளத்து முகாமில் பெரிய வீடு கிடைத்தது என்று கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியிருந்தாயே, சமையலறை எப்படி, ஜன்னல் எந்தப் பக்கம் என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

சியெனிக்கு முன்பல் விழுந்துவிட்டது. பேசினால் காற்றுப் போகிறது, ஆனாலும் வாய் ஓயவில்லை. காலையில் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டால் வெளியே வருவதில்லை. நான் ஹோட்டல் சலவைக்கூடத்துக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கதவைத் தட்டினால், “அம்மா, நீ வேலைக்குப் போய்ட்டு வந்து குளி” என்கிறாள். எட்டு வயதில் இந்த வாய். உன்னைத் தவிர வேறு யாரிடமிருந்து வரும்?

ஒரு தொல்லை வந்திருக்கிறது. எங்கள் வரித்தாள் திரும்பி வந்துவிட்டது. கடைத்தெருவில் கிமுரா அம்மாள்தான் எங்களுக்கெல்லாம் வரித்தாள் நிரப்பிக் கொடுப்பவர். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“ஃபுவா, இந்தப் பிள்ளையோட அரசாங்க நம்பர் ஏற்கெனவே வேற ஒரு வீட்டுக் கணக்குல ஏறியிருக்கும்மா. ஒரு பிள்ளைய ரெண்டு வீட்ல காட்ட முடியாது. ஆமா, உறவுங்கிற கட்டத்துல நீ மகள்னு எழுதச் சொன்னியே, நீ பெத்த மகளா?”

“என் தங்கச்சி பெத்தா. அதனால என் மகதான்.”

“அட, தங்கச்சி பொண்ணுன்னு சொல்லியிருந்தா அப்படியே எழுதியிருப்பேனே. சொந்தக்காரங்க பிள்ளைய வீட்ல வெச்சு வளத்தா காட்டி வரியைக் குறைச்சுக்கலாம், சட்டத்துலயே இடம் இருக்கு. மகள்னு எழுதினா பெத்ததுக்குச் சான்றிதழ் கேப்பான். அவளுக்கு நீ ஆன்ட்டி முறைதானே?”

“ஆன்ட்டியா? இந்த ஊர்ல மீன் விக்கிறவ ஆன்ட்டி, பஸ்ல தள்ளி உக்காருன்னு சொல்றவ ஆன்ட்டி. நான் எப்படி ஆன்ட்டி ஆவேன்?”

கிமுரா அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா தங்கை பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பெயர் நம் தீவில் நாம் என்றைக்கு வைத்தோம்? கைக்குழந்தையாக நீ என் மடியில் போட்ட நாளிலிருந்து எல்லாத் தாளிலும் மகள் என்றுதான் எழுதி வருகிறேன். யாரோ ஒரு திருட்டுப்பயல் பிள்ளையின் நம்பரைச் சுட்டுவிட்டான் போலிருக்கிறது.

நீ இரண்டு காரியம் செய். சியெனியின் பிறப்புச் சான்றிதழ் நகல் ஒன்று அனுப்பு. ‘என் மகள் பிறந்ததிலிருந்து என் அக்கா வீட்டில் வளர்கிறாள்’ என்று உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அதனோடு வை. மற்றதைக் கிமுரா அம்மாள் பார்த்துக்கொள்வார்.

பையன்களின் கன்னத்தைக் கிள்ளினேன் என்று சொல்.

உன் அக்கா,
ஃபுவாட்டினோ


டக்கோமா
மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. அத்தானின் முதுகுக்காக ஜெபிக்கிறேன். இங்கே சின்னவனுக்கு இருமல், பெரியவனுக்குக் காதுவலி. விடாமல் மழை. ஈஸ்டருக்குச் சேப்பங்கிழங்கு வாங்கக் கடை கடையாக அலைந்தோம். கிடைத்ததும் கல்லாக இருந்தது.

நீ கேட்டதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வீடு மாறியதில் எந்தப் பெட்டி எங்கே என்று தெரியவில்லை.

சியெனிக்குக் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன். அவள் பாதம் இப்போது எவ்வளவு பெரிது? ஒரு தாளில் நிற்க வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்புவாயா?

தங்கை,
லானு


கலிஹி
ஏப்ரல் 13, ஞாயிறு

லானு,

எல்லோரும் சுகம். அங்கே இருமலும் காதுவலியும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். சின்னவன் நெஞ்சில் தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணித் தேய். மருந்து பிறகு கொடுக்கலாம்.

காலுறை வந்தது. ஹவாய் வெயிலில் கம்பளிக் காலுறையை எங்கே போடுவது? சியெனி அதைக் கையில் மாட்டிக்கொண்டு பொம்மலாட்டம் காட்டுகிறாள். பாதத்தைக் கோடு போட்டு இதில் வைத்திருக்கிறேன். கூசுகிறது என்று நெளிந்ததில் சுண்டுவிரல் கோணல்மாணலாக வந்திருக்கிறது.

ஆனால் நான் கேட்டது எங்கே? ஒரு சான்றிதழ் தேட உன் வீடு என்ன துறைமுகக் கிடங்கா? மூன்று தடவை போன் போட்டேன். மூன்று தடவையும் உன் புருஷன்தான் எடுத்தான். “அவ குளிக்கிறா” என்கிறான். ஒரு பொம்பளை நாளெல்லாமா குளிப்பாள்? எங்கள் சியெனியே தேவலை.

கெடு நெருங்கிவிட்டதால் வரித்தாளை அப்படியே தபாலில் அனுப்பிவிட்டோம். வரி அலுவலகம் இரண்டு வீட்டுக்கும் ஓலை அனுப்பும், எந்த வீட்டில் பிள்ளை இருக்கிறதோ அந்த வீட்டார் காட்ட வேண்டும் என்றார் கிமுரா அம்மாள். நமக்கென்ன பயம், பிள்ளை இங்கே குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறது என்றேன். அவர் ஒன்று கேட்டார்: “ஃபுவா, திருடனுக்கு உன் பிள்ளையோட நம்பர் எங்கேர்ந்து கிடைச்சிருக்கும்?” அந்தக் கேள்வி வீடு வரைக்கும் என்னோடு பஸ்ஸில் வந்தது.

உடனே எழுது. மென்று விழுங்காமல் எழுது.

அக்கா


டக்கோமா
மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். பையன்களுக்குக் குணமாகிவிட்டது.

சான்றிதழ் தொலையவில்லை. என் அலமாரியில், துணிக்கு அடியில் இருக்கிறது. நம்பரை யாரும் திருடவில்லை அக்கா. செமிசிதான் காட்டினார்.

வரித்தாளில் மட்டும் என்றால் போகட்டும். முகாமில் வீடு கேட்டபோதும் காட்டிவிட்டார். இரண்டு பையன்கள் என்றால் ஒண்டுக்குடித்தனம் மாதிரி ஒரு வீடு. மூன்று பிள்ளை, அதில் ஒன்று பெண் என்றால் அவளுக்கென்று தனி அறையோடு பெரிய வீடு. சியெனி எங்களோடு இருக்கிறாள் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். எனக்குப் பிறகுதான் தெரியும். நான் கேட்டபோது, “பெத்த பிள்ளையத்தானே காட்டினேன், ஊரான் பிள்ளையவா காட்டினேன்?” என்றார்.

இப்போது வரி அலுவலகத்திலிருந்து இங்கேயும் கடிதம் வந்திருக்கிறது. நீ உண்மையை எழுதினால் அது முகாம் அலுவலகத்துக்கும் போகும். அவருடைய பட்டையைக் கழற்றிவிடுவார்கள். வேலையே போகலாம். பையன்களோடு நான் எங்கே போவேன்?

நீ ஒரே ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். சியெனி டக்கோமாவில்தான் இருக்கிறாள், லீவுக்கு மட்டும் உங்களிடம் வருவாள், மகள் என்று எழுதியது தவறு என்று எழுது. அவ்வளவுதான். அவள் உன்னிடமே இருப்பாள். வெறும் தாள்தானே அக்கா.

உன் காலில் விழுகிறேன்.

லானு


கலிஹி
மே 11, ஞாயிறு

லானு,

சுகமாக இருக்கிறோம்.

இன்றைக்கு அன்னையர் தினம். தேவாலயத்தில் தாய்மார்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவதற்குள் சியெனி ஓடி வந்து செவ்வந்திப் பூவை என் சட்டையில் குத்தினாள். ஊசி தோளில் ஏறிவிட்டது. நான் கத்தவில்லை.

வெறும் தாள் என்று எழுதியிருக்கிறாய். வெறும் தாளாக இருந்தால் உன் புருஷன் ஏன் பயப்படுகிறான்?

எழுத மாட்டேன். காய்ச்சலில் அவளைத் தோளில் போட்டு நடந்தவள் நான். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அத்தான். அவள் இங்கே லீவுக்கு வந்தவள் என்று என் கையால் எழுத வேண்டுமா? நீ என் கூடப்பிறந்தவள்; வேறு எவளாவது இப்படிக் கேட்டிருந்தால் வாசல் மிதிக்க விடமாட்டேன்.

ஃபுவாட்டினோ


டக்கோமா
ஜூன் 1

அக்கா,

நலம் விசாரிக்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அத்தானுக்கு முதுகு எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை அவர் படித்துவிட்டார். நான் ஒளித்து வைக்கவில்லை. ஒளிக்க இந்த வீட்டில் இடமும் இல்லை. படித்துவிட்டுச் சத்தம்கூடப் போடவில்லை. “சரி, உங்க அக்கா எழுத வேணாம். நான் லீவு போட்டுட்டுப் போய்ப் பிள்ளையக் கூட்டிட்டு வந்துடறேன். சான்றிதழ்ல யாரு பேரு இருக்கு? உங்க அக்கா எதைக் காட்டித் தடுப்பா?” என்றார். நீ இத்தனை வருஷமாக மகள் என்று எழுதி வந்ததே பொய்தான், அதையும் போட்டுக்கொடுத்தால் உன்னைக் கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்கிறார். உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னால் உண்மை மாதிரிதான் இருக்கும்.

நீ எழுதிக் கொடுத்துவிட்டால் அவளைத் தொடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அம்மாவின் கல்லறைமேல் ஆணையாக நானும் சொல்கிறேன், அவள் உன்னிடம்தான் வளர்வாள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், பிறகு எழுதத் துணிவு வராது. மூத்தவளுக்குப் பிள்ளையில்லை, இது அங்கே வளரட்டும் என்று அம்மா சொன்னாள். எல்லோரும் ஜெபம் பண்ணினீர்கள். பாட்டுப் பாடினீர்கள். எனக்குப் பத்தொன்பது வயது. பிள்ளையை நான்தான் உன் மடியில் போட்டேன் என்று எப்போதும் எழுதுகிறாய். போடு என்று சொன்னார்கள், போட்டேன். உனக்குச் சம்மதமா லானு என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

பாதத்தின் கோட்டை என் பைபிளில் வைத்திருக்கிறேன்.

லானு


கலிஹி
ஜூன் 15, ஞாயிறு

லானு,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ கேட்ட கடிதம் இதனுள் இருக்கிறது. கிமுரா அம்மாளிடம் போகவில்லை, அவர் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது. சலவைக்கூடத்தில் ஒரு பெண்ணிடம் சொல்லித் தட்டச்சு பண்ணி வாங்கினேன். அவள் பாதியில் நிறுத்தி, “ஃபுவா ஆன்ட்டி, உங்க பொண்ணு போன வாரம்கூட இங்க வந்து என்கிட்ட பிஸ்கட் வாங்கிட்டுப் போனாளே?” என்றாள். சொன்னதை அடி என்றேன்.

யாக்கோபோ வேண்டாம் என்றார். “இதுல கையெழுத்துப் போட்டா அவ இந்த வீட்ல இருந்ததே இல்லன்னு ஆயிடும் ஃபுவா. அப்ப காலைல குளியலறையப் பூட்டிக்கிட்டு என்னை வாசல்ல நிக்க வெக்கிறது யாரு, பேயா?” அப்படிச் சிரிப்புக் காட்டிவிட்டு வெளியே போய் வெகுநேரம் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது சுத்தமான கார்தான்.

போதகருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. “பிள்ளை தவழ்ற காலத்துலேர்ந்து நம்ம ஞாயிறு பள்ளில இருக்கா. நான் எழுதித் தர்றேன், சபையே வந்து சாட்சி சொல்லும்” என்றார். வேண்டாம் ஐயா என்றேன். ஒரு சபையே உண்மையைச் சொல்லத் தயாராக இருந்து, அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான்தான். உண்மையைச் சொன்னால் பிள்ளை போகும். பொய்யைச் சொன்னால் பிள்ளை இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் உன் புருஷன் நிற்கிறான்.

அன்றைக்கு உன்னைக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் பல தடவை படித்தேன். கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் நீ மாட்டேன் என்று சொல்லியிருப்பாயோ என்று பயந்துதான் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அவளைத் திருப்பிக் கொடு என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. அது என்னால் ஆகாது.

அக்கா


டக்கோமா
ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சியெனியும் நலம்தானே. இங்கே பூசணிக்கொடி காய்த்திருக்கிறது. உன் கடிதத்தை வரி அலுவலகம் ஏற்றுக்கொண்டது. செமிசி அன்று முழுக்கப் பையன்களோடு பந்து விளையாடினார். உனக்கு நாங்கள் பட்ட கடனை ஆண்டவர்தான் தீர்க்க வேண்டும்.

ஒன்றே ஒன்று பாக்கி. முகாம் வீட்டு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். எல்லோர் வீட்டுக்கும்தான் வருகிறாள். “பொண்ணு எங்கே?” என்றாள். லீவுக்கு ஹவாய் போயிருக்கிறாள் என்றோம். உன் கடிதத்தைக் காட்டினோம். நல்லது, பள்ளிக்கூடம் திறந்ததும் அவள் இங்கே படிக்கிறாள் என்று ஒரு தாள் வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறக்கிறது. அவளை அனுப்பி வை அக்கா. தாள் கையில் கிடைத்ததும், கிறிஸ்துமஸுக்குள், நானே கூட்டிக்கொண்டு வந்து உன்னிடம் விடுகிறேன். விமானச் சீட்டை செமிசி எடுத்துவிட்டார்.

மாடியில் அவள் அறைக்கு மஞ்சள் நிறத்தில் திரை தைத்துப் போட்டிருக்கிறேன். காலையில் வெயில் அந்தப் பக்கம்தான் வரும்.

லானு


கலிஹி
ஆகஸ்ட் 24, ஞாயிறு

லானு,

இந்தக் கடிதம் சியெனியின் பையில் வருகிறது. வழியில் அவளுக்குக் காது அடைத்திருக்கும். கொட்டாவி விடச் சொல்.

மூன்று மாதத்துக்கு எதற்குத் திரை என்று யாக்கோபோ கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அனுப்ப மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். இங்கே பள்ளிக்கூடத்துக்கே போனேன், அவள் பெயரை எடுக்க வேண்டாம் என்று சொல்ல. தலைமையாசிரியை உன் புருஷன் அனுப்பியதை மேசைமேல் வைத்தாள். என் கடிதம்தான். என் கையெழுத்துத்தான். “பிள்ளை இங்க படிச்சது எனக்குத் தெரியும். ஆனா இதுல நீங்களே எழுதியிருக்கீங்களே, பிள்ளை இங்க லீவுக்கு வந்ததுன்னு. அப்பா கேக்கிறாரு, நான் எப்படி வெச்சுக்கிறது?” என்றாள். நான் போட்ட முடிச்சு என் கழுத்திலேயே இறுகியிருக்கிறது. குற்றம் சொல்லக்கூட எனக்கு ஆளில்லை.

அவள் தனியாகத் தூங்கமாட்டாள். முதல் சில நாள் பக்கத்தில் படு. சேப்பங்கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தால் நார் எடுத்துவிட்டுக் கொடு, இல்லாவிட்டால் தொண்டை அரிக்கிறது என்று தட்டைத் தள்ளுவாள். கோபம் வந்தால் பேசமாட்டாள். அப்போது கெஞ்சாதே, காதில் விழுகிற மாதிரி தப்பாக ஒரு பாட்டுப் பாடு, திருத்துவதற்கு வாயைத் திறந்துவிடுவாள்.

யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ‘நான் டக்கோமாவில் அம்மா அப்பாவோடு இருக்கிறேன். ஹவாய்க்கு லீவுக்குத்தான் போவேன்.’ வெள்ளை ஞாயிறுத் திருநாளில் நம் சபைப் பிள்ளைகள் வசனம் ஒப்பிப்பார்களே, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டாள். நெஞ்சில் கை வைத்து, தலையை நிமிர்த்தி, ராகத்தோடு சொன்னாள். முடித்துவிட்டு, “அம்மா, இதுக்கும் வெள்ளை டிரஸ் போடணுமா?” என்றாள். யாக்கோபோ எழுந்து போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு என்ன செய்ய?

அக்கா


கலிஹி
அக்டோபர் 5, ஞாயிறு

லானு,

மூன்று கடிதம் போட்டும் ஒன்றுக்கும் பதில் இல்லை. போன் நம்பரை மாற்றிவிட்டீர்களாம், ஒரு இயந்திரம் சொல்கிறது. உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே.

வரும் ஞாயிறு வெள்ளை ஞாயிறு. அவள் இல்லாவிட்டாலும் டிரஸ் தைத்தேன், கை சும்மா இருக்கவில்லை. பார்சலில் அனுப்புகிறேன். அங்கே நம் சபை இருந்தால் போட்டுவிட்டுக் கூட்டிப் போ. பிள்ளைகளுக்குத்தான் அன்றைக்கு முதல் பந்தி, அவளுக்குக் கோழித்தொடை.

குளியலறை காலையில் காலியாக இருக்கிறது. நான் அவசரப்படாமல் குளிக்கிறேன். பஸ்ஸைத் தவறவிடுகிறேன்.

அவளை ஒரு வரி எழுதச் சொல்.

அக்கா


டக்கோமா
நவம்பர் 9

அன்புள்ள ஆன்ட்டி,

நான் நலம். நீங்களும் அங்கிளும் நலமா? அங்கிளுக்கு முதுகு வலிக்கிறதா? மேலே முதலில் வேற மாதிரி எழுதிவிட்டேன். அப்புறம் அதை அடித்துவிட்டுச் சரியாக எழுதினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே உங்களை ஆன்ட்டி என்றுதான் சொல்ல வேண்டும் என்று அப்பா சொன்னார். மாற்றி மாற்றிச் சொன்னால் குழப்பம் வருமாம்.

எனக்குப் புதுப் பல் முளைத்துவிட்டது. தம்பிகள் என் அறைக்குள் வந்தால் கதவைப் பூட்டிவிடுவேன். அம்மா என் பக்கத்தில்தான் படுக்கிறார்கள். சில நாள் அழுகிறார்கள். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். உங்கள் கடிதங்கள் அம்மாவின் பைபிளுக்குள் இருக்கின்றன. பதில் எழுத உட்காருவார்கள், அப்புறம் மூடி வைத்துவிடுவார்கள். அதனால் நான் எழுதுகிறேன். அம்மாதான் தபால்தலை கொடுத்தார்கள்.

வெள்ளை டிரஸ் வந்தது. ரொம்ப அழகாக இருக்கிறது. ஆனால் நான் உயரமாகிவிட்டேன், முழங்காலுக்கு மேலே நிற்கிறது.

முகாமிலிருந்து ஒரு அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். நீ எங்கே இருக்கிறாய், முன்னால் எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். ஹவாயில் இருந்தாயா என்று இன்னொரு தடவை கேட்டார்கள். இல்லை, லீவுக்குத்தான் போவேன் என்றேன். எங்கேயும் தடுமாறவில்லை. அந்த அம்மா எனக்கு மிட்டாய் கொடுத்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு வருவேனா என்று அப்பாவிடம் கேட்டேன். அங்கே லீவுக்குத்தானே போவாய், இந்த வருஷ லீவு முடிந்துவிட்டது என்றார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஆன்ட்டி, நான் நல்லாச் சொன்னேனா?

அன்புடன்,
சியெனி


கலிஹி
நவம்பர் 23, ஞாயிறு

அன்புள்ள சியெனிக்கு,

உன் கடிதம் வந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. நானும் அங்கிளும் நலமாக இருக்கிறோம். அவர் முதுகு இப்போது பரவாயில்லை. கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர் இன்னும் திருப்பித் தரவில்லை. அதனால் உன் கேள்விகளை ஞாபகத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

நல்லாச் சொன்னாய் கண்ணு. ஒரு வார்த்தைகூட விடவில்லை. இனிமேல் யார் எப்போது கேட்டாலும் அப்படியே சொல்.

புதுப் பல்லை நாக்கால் தள்ளாதே, கோணலாகிவிடும். தம்பிகள் கதவைத் தட்டினால் திற, அவர்களும் பாவம்தானே.

டிரஸ் நீளம் போதவில்லை என்று எழுதியிருந்தாய். நீ வளர்ந்துவிடுவாய் என்று தெரிந்துதான் கீழே உள்பக்கம் அகலமாக மடித்துத் தைத்திருக்கிறேன். அந்தத் தையலைப் பிரித்தால் நான்கு விரல் நீளும். உனக்குப் பிரிக்க வராது, துணி கிழிந்துவிடும். அம்மாவிடம் கொடுத்துப் பிரித்துக்கொள்.

அன்புடன்,
ஃபுவாட்டினோ ஆன்ட்டி